திங்கட்கிழமைகளில் பிந்திய ஊசல்

கோணேசரைத் தரிசிக்கத் திருகோணமலை போகிறேன் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. நான் போனது இரண்டு நோட்டுப் புத்தகங்களை வாங்கி வர.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாக ஒரு புத்தகம் எழுதுகிறார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பூமி நம்மை இழுக்கவில்லை என்கிறார் இவர். வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மழை ஓயாமல் பெய்கிறதாம். காலுக்குக் கீழே பூமி குடை பிடிப்பதால் அந்தப் பக்கத்து மழை நமக்குக் குறைவு. தலைக்கு மேலிருந்து வருவது நம்மைத் தரையோடு அழுத்துகிறது. அதைத்தான் எடை என்கிறோமாம். வேகமாகப் போனால் நேரமே மெதுவாகும், கனத்த பொருளின் பக்கத்தில் இடமே வளையும் என்று பெரிய விஞ்ஞானிகள் சொல்வதையும் இவர் ஒப்புக்கொள்வதில்லை. "கணக்கு அவங்களோடதுதான், அதுல தப்பில்ல. அர்த்தம்தான் வேற. நேரம் நேரமாத்தான் இருக்கு விசாலம். அந்த மழையை எதிர்த்துப் போற கடிகாரம்தான் தடுமாறுது" என்பார்.

தோசை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வேன். எனக்கு எல்லாவற்றையும் ஈசன் பிடித்து வைத்திருக்கிறான். மழையால் பிடிக்கிறானா கையால் பிடிக்கிறானா என்பது அவன் பாடு.

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இவரை உட்கார வைத்து, அப்படி ஒரு மழையைப் பூமி தடுத்தால் பூமி கொதித்தே போயிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மருமகன் "மாமா, இன்னிக்கு மழை எப்படி?" என்று கேட்டுச் சிரிப்பார். இவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

அந்த நோட்டுகளை எழுதிய திருகோணமலை யோகராசா இதற்குள் எப்படி வந்தார் என்றால், ஒரு மாத இதழின் வாசகர் கடிதப் பகுதி வழியாக. இவர் எழுதிய கடிதத்துக்கு அங்கிருந்து பதில் வந்தது. படகு இஞ்சின் திருத்துகிறவர், படிப்பு குறைவுதான், ஆனால் இவர் சொல்வது தன் மனதுக்குச் சரியாகப் படுகிறது என்று எழுதியிருந்தார். நிலாவும் ஒரு குடைதானே, அது நகரும்போது மழையில் வித்தியாசம் வர வேண்டும், ஊசல் கட்டி அளந்தால் தெரியும் என்று இவர் எழுதினார். எங்கள் வீடு ரயில் பாதை ஓரம். ரயில் போனால் தட்டு டம்ளர் ஆடும். அதனால் யோகராசா தன் வீட்டில் ஊசல் கட்டினார். நான்கு மாதம், ஒருநாள் விடாமல் அளந்து, வாரா வாரம் தபாலில் அனுப்பினார்.

இவர் அந்த எண்களைக் கோடாக வரைந்து குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஏழு நாளைக்கு ஒருமுறை ஊசல் பிந்தியது. அமாவாசை, அரை நிலா, பௌர்ணமி, அரை நிலா, எல்லாம் ஏழு ஏழு நாள்தானே என்று இவர் குதித்தார். பிறகு நிலாவுக்கும் கோட்டுக்கும் ஒருநாள், இரண்டுநாள் என்று விலகல் கூடிக்கொண்டே போனது. அதற்கு 'நிழல் வந்து சேரும் தாமதம்' என்று தனி அத்தியாயம் எழுதினார்.

எனக்கு வேறொன்று தெரிந்தது. பிந்திய நாளெல்லாம் திங்கட்கிழமை. என் சோமவார விரத நாள். இவரிடம் சொன்னபோது, "கிழமை மனுஷன் வச்சது. நிலாவுக்குக் கிழமை தெரியாது" என்றார். நான் விட்டுவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ஈசனுக்கு உகந்த நாளில் பூமியே கொஞ்சம் அடங்கி நிற்கிறது, இவருக்குத் தெரியாமலே அதை அளந்துவிட்டார் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் இவரைப் பேசக் கூப்பிட்டது. பன்னிரண்டு வருடத்தில் முதல் அழைப்பு. அடுத்த ஞாயிறு கூட்டம். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. புத்தகமும் அச்சகத்தில் இருக்கிறது, யோகராசாவின் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்தால் முடிந்தது. "மத்த அத்தியாயமெல்லாம் வாதம். இது ஒண்ணுதான் சாட்சி" என்றார் இவர். இருக்கும் ஒரே பிரதியைத் தபாலில் விட இவருக்கு மனமில்லை. மூட்டு அறுவை செய்து கட்டிலில் இருப்பவர் கடல் தாண்டி எப்படிப் போவார்? நான் கிளம்பினேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் முன் கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், புத்தர், இயேசு மூவரும் ஒரே பூச்சரத்தில் இருந்தார்கள். பாட்டு காதைக் கிழித்தது. தம்பலகாமம் வயல்களுக்குப் பக்கத்தில் பஸ் சட்டென்று நின்றது. ஏதோ சோதனைச் சாவடி என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். நடு ரோட்டில் ஒரு யானை. பாகன் இல்லை, சங்கிலி இல்லை, நெற்றியில் நாமம் இல்லை. கோயில் யானையைத் தவிர வேறு யானையை அதுவரை நான் பார்த்ததில்லை. என் கை தானாகக் கும்பிட்டது.

நடத்துனர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். பக்கத்து இருக்கை அம்மாவைக் கேட்டேன். "பழகின ஆளாம். டிக்கெட் கேட்டா மட்டும் கோபம் வருமாம்" என்று தமிழில் சொன்னார். பத்து நிமிடத்தில் அந்தப் பழகின ஆள் வயலுக்குள் இறங்கிப் போனார்.

பொழுது சாயும் நேரம் உட்துறைமுகத்துப் பக்கம் இறங்கினேன். கடல் என்றால் இரையும் என்றுதான் எனக்குத் தெரியும். நாகப்பட்டினம், பூம்புகார் எல்லாம் அப்படித்தான். இது மலைகளுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு குளம்போலக் கிடந்தது. நடுவில் ஒரு கப்பல், மூன்று தெரு நீளம் இருக்கும், அசையாமல் நின்றது. இவ்வளவு பெரிய கப்பல் கரைக்கு இத்தனை கிட்டே வந்தும் தரை தட்டவில்லையே என்று திகைத்து நின்றவளை, "விசாலம் அக்காவோ?" என்ற குரல் திருப்பியது.

யோகராசாவுக்கு அறுபது வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் கறுப்பு எண்ணெய், நெற்றியில் பட்டை விபூதி. என் பையை வாங்கிக்கொண்டார். "ஐயாட முழங்கால் எப்பிடி? நடக்கிறாரோ?" என்பதுதான் முதல் கேள்வி.

கரையோரமாகவே வீடு. அவர் மனைவி இந்திராணி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ அக்கா. நாலு மாசமா எங்கட வீட்டில ரெண்டு புருசன்மார். ஒண்டு இது, மற்றது உங்கட ஆள். விடிஞ்சாப் பொழுதுபட்டா ஐயா சொன்னவர், ஐயா எழுதினவர்."

"சும்மா இரப்பா" என்றார் யோகராசா.

இரவுக்குப் பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சொதியும். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் தீபாவளிக்கு வரும் விருந்தாளி. இங்கே அது வீட்டு ஆள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். காப்பி மட்டும் கிடைக்கவில்லை. பால் இல்லாத தேத்தண்ணி வந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, கறுப்பாக. பழகிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் சாமி கும்பிடக் கூப்பிட்டார்கள். சாமி அலுமாரியைத் திறந்தபோது எனக்குப் பகீர் என்றது. கோணேசர் படத்துக்கும் அம்மன் படத்துக்கும் நடுவே ஒரு கடிதக் கட்டு. மேலே குங்குமம். கையெழுத்து என் வீட்டுக்காரருடையது. எங்கள் வீட்டில் விபூதித் தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். ராகு காலம் கழித்துப் போங்கள் என்று நான் கெஞ்சினால் வேண்டுமென்றே செருப்பை மாட்டுகிறவர்.

"இதுக்கு ஏன் குங்குமம் வச்சீங்க?" என்றேன்.

"படிப்பில்லாத ஒருத்தனை மதிச்சு எழுதின கடிதம் அக்கா" என்றார் யோகராசா. "புத்தகத்தில என்ர பேரும் வருமாம். அவதானிப்பு, யோகராசா, திருகோணமலை எண்டு. ஐயா எழுதிக் காட்டினவர்." அந்தக் கடிதத்தை உருவி எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பசை நாடா ஒட்டியிருந்தது.

"இறங்குதுறையில அதைப் பாக்காத ஆள் இல்லை. மீன் வாங்க வந்த ஆக்களுக்கும் காட்டினவர்" என்றார் இந்திராணி.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஊசலைப் பார்த்தேன். குசினி என்று அவர்கள் சொல்லும் சமையலறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சாய்ப்பு. குறுக்கு மரத்திலிருந்து ஒரு பித்தளைக் கம்பி, முனையில் ஈயக் குண்டு. பழைய படகு ஒன்றின் சுழலித் தண்டைக் கடைந்து எடுத்த கம்பியாம். யோகராசா குளித்து, குறுக்கு மரத்துக்கு விபூதி பூசி, குண்டை ஒரு பக்கம் இழுத்து விட்டார். கழுத்து உருத்திராட்ச மாலையைக் கழற்றி, ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணியாக உருட்டினார். மறு கையில் இவர் பார்சலில் அனுப்பிய ஸ்டாப்வாட்ச். நூற்றெட்டு மணி மாலை ஒன்பது சுற்று, பத்தாவது சுற்றில் சிவப்பு நூல் கட்டிய மணிவரை. ஆயிரத்தெட்டு.

"ஏன், ஆயிரம் போதாதா?" என்று பிறகு கேட்டேன்.

"ஆயிரம் எண்டா மொட்டையாக் கிடக்கு."

விஞ்ஞானம் என்று நான் நினைத்திருந்தது இப்படி இல்லை. ஆனால் அந்த அரைமணி நேரமும் அவர் கண் சிமிட்டியதாகத் தெரியவில்லை. நானும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு சிவாயநம என்று விரல் மடக்கி எண்ணினேன். எனக்கும் ஆயிரத்தெட்டுத்தான் வந்தது. கொப்பியை எடுத்து எழுதினார். அங்கே நோட்டுக்குக் கொப்பி என்று பெயர். தேதி, திதி, விநாடி: 2016.3.

புரட்டிப் பார்த்தேன். எல்லா நாளும் புள்ளி மூன்று, சில நாள் புள்ளி நான்கு. திங்கட்கிழமை மட்டும் புள்ளி ஆறு, புள்ளி ஏழு. எங்கள் வீட்டுச் சுவரில் வளைந்து வளைந்து இறங்கும் கோடு இந்தக் கையெழுத்திலிருந்துதான் வந்தது என்று நினைத்தபோது மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மத்தியானம் அதே சாய்ப்பில் இலை போட்டார்கள். ஒரு மணி இருக்கும். தகரம் தணல் மாதிரிக் காய்ந்தது. உட்கார்ந்த இடத்தில் வியர்வை வழிந்து சோற்றில் விழுமோ என்று பயந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் கூப்பிட்டார். "அண்ணை, தண்டு இறுகிப் போச்சு. அடிச்சும் கழருதில்லை."

யோகராசா சோற்றில் வைத்த கையை எடுக்காமலே பதில் சொன்னார். "அடியாத. இப்பதானே படகு ஓட்டி வந்தனீ? சூட்டில பித்தளை நீளும். ஆற விடு, தன்பாட்டில கழரும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நாளைக்கும் நிண்டு பாத்திட்டுப் போங்கோ. திங்கள். பிந்துறதைக் கண்ணால பாக்கலாம். ஆனா காலமை இல்லை, இந்த நேரம்தான்."

"ஏன், காலையில இல்லையா?"

"திங்கள் ஏழரையிலிருந்து ஒம்பது ராகு காலமெல்லோ. அதுக்குள்ள ஒரு காரியம் தொடங்கேலாது. ஒம்பதுக்குக் கடை திறக்கவேணும். அதால திங்களில மட்டும் மத்தியானம் சாப்பிட வரேக்க ஆட்டுறனான்."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

எனக்கு ஊசல் தெரியாது. ராகு காலம் தெரியும். நாற்பது வருடமாக அதைப் பார்த்துத்தான் வாசல் தாண்டுகிறேன். மற்ற நாளெல்லாம் காலை எட்டு மணி. திங்கள் மட்டும் இந்த நேரம், இந்தத் தகரத்துக்குக் கீழே. சற்று முன் யோகராசா தன் வாயால் சொன்னது இன்னும் என் காதில் நின்றது.

"இதை அவருக்கு எழுதினீங்களா?" என்றேன்.

"எதை?"

"திங்கட்கிழமை மத்தியானம் அளக்கறதை."

"அதை ஏன் எழுதவேணும்? ராகு காலம் ஆருக்கும் தெரிஞ்சதுதானே."

"அவர் அதெல்லாம் பார்க்க மாட்டாரு. எல்லா நாளும் ஒரே நேரம்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காரு." பிறகு மெதுவாகக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பயமாக இருந்தது. "இந்தக் கம்பி பித்தளைதானே?"

அவர் நிமிர்ந்து ஊசலைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். எழுந்து போய்க் கம்பியைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவே இல்லை. இந்திராணி கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டார். அதில் உட்கார்ந்தார்.

"கம்பி நீண்டா ஆட்டம் பிந்தும்" என்றார். தனக்குத்தானே சொல்வதுபோல இருந்தது. "நான் இஞ்சின்காரன் அக்கா. இப்ப வாயால சொன்னனான், சூட்டில பித்தளை நீளும் எண்டு. நாலு மாசமா இதுக்குக் கீழ இருந்துதான் சோறு திண்டிருக்கிறன்."

எவரும் மேற்கொண்டு சாப்பிடவில்லை. அவருக்கு அதிர்ச்சி என்றால் எனக்கு இரட்டை அதிர்ச்சி. என் வீட்டுக்காரரின் நிலாவும் போயிற்று, என்னுடைய சோமவாரமும் போயிற்று. இவர் போட்ட கோட்டை நான் எனக்குள் பூஜை செய்துகொண்டிருந்தேனே. நிலாவும் இல்லை, ஈசனும் இல்லை, தகரக் கூரையா அது?

கை கழுவும் இடத்தில் இந்திராணி தணிந்த குரலில் சொன்னார். "சொல்லாம விட்டா ஆருக்கு அக்கா தெரியும்? கொப்பியில நேரம் எழுதிக் கிடக்கோ? இந்த மனுசன் இண்டைக்கு நித்திரை கொள்ளாது. உங்கட ஆளுக்கும் வாற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எண்டனீங்கள்."

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கொப்பிகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் போதும். புத்தகம் வரும். நூலகத்தில் இவர் எழுந்து நிற்பார். மருமகன் முன்வரிசையில் உட்காருவார். அந்தப் பேராசிரியரும் வருவதாகக் கேள்வி. யாராவது ஒருவர் எழுந்து, எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால்?

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்பே கோயிலுக்குப் புறப்பட்டோம். வாசலைத் தாண்டிவிட்டால் பிறகு வழியில் ராகு காலம் வந்தாலும் தோஷமில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். அங்கேயும் அதேதான். ஆட்டோவில் யோகராசா முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசலில் மான்கள். நான் சொல்வது காட்டு மான்கள். புள்ளி மான்கள் எங்கள் ஊரில் ஆடு திரிவதுபோலக் கடைகளுக்கு நடுவே திரிகின்றன. ஆட்டோ மெதுவாகப் போக, கொம்பு விரிந்த ஒன்று பக்கவாட்டில் தலையை நுழைத்து, என் மடியில் அர்ச்சனைத் தட்டில் இருந்த வில்வ மாலையைக் கவ்வி இழுத்தது. நான் தட்டை விடவில்லை, அது மாலையை விடவில்லை. கடைசியில் தேங்காய் என்னிடம், மாலை அதனிடம்.

"குடுத்திடுங்கோ அம்மா, அவர் கோட்டைக்குப் பொறுப்பானவர்" என்றார் ஓட்டுநர்.

இந்திராணி சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, புருசனின் தோளைத் தட்டினார். "இஞ்சேருங்கோ. இப்ப நாலரைக்கு முன்னம் வெளிக்கிட்டுத்தானே வந்தனாங்கள்? நாளைக்கும் ஏழரைக்கு முன்னம் ஆட்டி விட்டா என்ன? தொடங்கினதுதானே கணக்கு. ராகு காலத்துக்குள்ள அது தன்பாட்டில ஆடட்டும்."

யோகராசா திரும்பிப் பார்த்தார். "திங்களில காலமை நான் கோயிலுக்குப் போறனான்."

"இண்டைக்குப் போறியள்தானே. நாளைக்கு ஆட்டுங்கோ. பிந்தினா ஐயா சொன்னது சரி. பிந்தாட்டித் தகரம்தான்."

யோகராசா மெல்லத் தலையாட்டினார்.

சந்நிதியில் என்ன வேண்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் இராவணன் வெட்டு. பாறை பிளந்து நேரே கடலுக்குள் இறங்குகிறது. விளிம்பில் ஒரு மரம், பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடின. கீழே பார்த்தேன். பூமி இழுத்தாலும் வானம் அழுத்தினாலும் விழுகிறவன் விழத்தான் போகிறான். அதற்குப் போய்ப் பன்னிரண்டு வருடத்தைக் கொடுத்தாரே இந்த மனிதர் என்று முதல் முறையாக அழுகை வந்தது. உள்ளே போய்க் கோணேசரிடம் கேட்டேன்: நாளைக் காலையிலும் அது பிந்தட்டும். கால் விநாடிதான் கேட்கிறேன். உனக்கு அது ஒரு பொருட்டா? வில்வம் இல்லாமல் வெறுங்கையோடு கேட்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

மறுநாள் ஐந்து மணிக்கே குளித்துவிட்டேன். ஏழு இருபதுக்கு யோகராசா குண்டை இழுத்து விட்டார். நான் எதிரே உட்கார்ந்து எண்ணினேன். துறைமுகப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஆட்டுவதற்கு முன்பே கம்பியைத் தொட்டுப் பார்த்திருந்தேன், சில்லென்று இருந்தது. ஏழரை மணியை இந்திராணி வாசலில் நின்று சொன்னார். ராகு காலம் தொடங்கியது, ஊசல் ஆடிக்கொண்டிருந்தது. எட்டுக்குச் சற்று முன்னால் சிவப்பு நூல் மணி வந்தது.

ஸ்டாப்வாட்சை அவர் பார்க்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

2016.3.

நான் கேட்டது கிடைக்கவில்லை. அதற்காக அவன் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன்.

ஒரு மணிக்கு மறுபடி ஆட்டினோம். யாரும் சொல்லாமலே மூவரும் வந்து உட்கார்ந்துவிட்டோம். 2016.6. அதே திங்கட்கிழமை, அதே கம்பி, அதே கை.

"என்னால கதைக்கேலாது அக்கா. நீங்களே ஐயாவுக்குச் சொல்லுங்கோ" என்றார் யோகராசா.

வீட்டுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே இவர் எடுத்தார். "என்ன, நோட்டை வாங்கிட்டியா?"

சொன்னேன். முதலில் ராகு காலத்தைச் சொன்னேன், பிறகு கூரையை, பிறகு காலையில் எடுத்ததை, கடைசியாக மத்தியானத்தை.

"ராகு காலமா" என்றார்.

"ஆமாங்க."

"காலைல எடுத்ததை மறுபடி சொல்லு."

"ரெண்டாயிரத்துப் பதினாறு புள்ளி மூணு. ரெண்டு பேரா எண்ணினோம்."

அந்தப் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை கூட்டம், விசாலம்."

"தெரியுங்க."

"நோட்டீஸ் அடிச்சுட்டாங்க."

"தெரியும்."

"போனை அவர்கிட்ட குடு."

இவருக்குக் கோபம் வந்தால் வார்த்தைக்கு அளவு இருக்காது. மின்வாரியத்தில் இவரிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்க வேண்டும். யோகராசா எழுந்து நின்று, போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஓம் ஐயா... என்ர பிழைதான் ஐயா. நேரத்தை நான் எழுதேல்லை... இல்லை ஐயா... இல்லை, அப்பிடிச் சொல்லாதேங்கோ..." பிறகு நெடுநேரம் வெறும் ஓம், ஓம். சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓம், எழுதித் தாறன். எல்லாத் திங்களுக்கும் எழுதித் தாறன்."

போனை வைத்ததும் இந்திராணி கேட்டார். "என்னவாம், ஏசினவரோ?"

"ஏசேல்லை. நேரத்தைக் கேக்காம விட்டது தன்ர பிழையாம்." கொப்பியைக் கையில் எடுத்தார். "அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொல்லி அச்சகத்துக்கு இப்பவே சொல்லப் போறாராம். கூட்டத்துக்குப் போவாராம். போய் நடந்ததைச் சொல்லப் போறாராம், ராகு காலத்தையும் சேத்து."

நான் உட்கார்ந்துவிட்டேன். யானையைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. தானே போட்ட உப்பு குழம்பில் கூடிப்போயிற்று என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாத மனிதர். மருமகன் முன்வரிசையில் இருப்பார். பேராசிரியர் இருப்பார். இருந்த ஒரே சாட்சி பொய்த்துப்போனதை இவரே எழுந்து நின்று சொல்லப் போகிறாரா? முப்பத்தைந்து வருடம் கூட இருந்தும் எனக்கு இந்த மனிதரைத் தெரியவில்லையா?

"சிரிப்பாங்களே" என்றேன்.

"அதையும் சொன்னவர்" என்றார் யோகராசா. "சிரிச்சாலும் இனி ஒருத்தன் ஊசல் கட்டினா நேரத்தையும் எழுதுவானாம்."

அன்று அவர் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. சாய்ப்பில் வெக்கை தாங்கவில்லை என்று வாசலுக்குக் கதிரைகளை எடுத்து வந்தோம். இந்திராணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். யோகராசா சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திங்கட்கிழமையின் தேதியாக வாசித்தேன். அவர் கொப்பியில் அந்த வரியைத் தேடி, எண்ணைத் தொடாமல், பக்கத்தில் 'மத்தியானம்' என்று எழுதினார். ஓரிரு நாளில் ஒன்றரை மணி, ஒருநாள் இரண்டு மணி என்று நினைவு வந்தது. அதையும் எழுதினார். நினைவு வராத இடத்தில் 'நேரம் தெரியாது' என்று எழுதினார்.

பதினேழு திங்கட்கிழமைகள். பதினெட்டாவது அன்றைய தேதி. அதற்கு இரண்டு வரி வேண்டியிருந்தது. முதல் வரியில் 'காலை 7.20', இரண்டாவதில் 'மத்தியானம் 1.00' என்று எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டு, கொப்பியை என்னிடம் தந்தார்.